ஒரே மாடல், ஒரே லாரி, நாலு வீடு: செந்தூல் பிளாட்டில் 65 அங்குல டிவி

2021 தீபாவளி விற்பனையில் கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் பிளாட்டைச் சேர்ந்த நாலு குடும்பம் ஒரே கடையில் ஒரே மாடல் 65 அங்குல டிவி வாங்கினார்கள். சேர்ந்து வாங்கினால் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னார், அவ்வளவுதான் காரணம். ஒரே லாரியில் வந்து இறங்கியது, பெட்டியில் ஒட்டியிருந்த தயாரிப்பு மாதம்கூட நாலிலும் ஒன்று. அந்த நாலில் ஒன்று இன்றைக்கும் முதல் நாள் மாதிரியே ஓடுகிறது. ஒன்று பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு, செத்துப் பிழைத்தது. ஒன்றை இடி தாக்கியது. மிச்சமுள்ள ஒன்றுக்குப் பழுது என்று எதுவுமே கிடையாது, ஆனால் வீட்டுக்காரர் வாங்கிய நாளிலிருந்து குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

டிவி ரிப்பேர் எனக்குச் சோறு போடும் வேலை. இந்த நாலு செட்டையும் நான்தான் பார்க்கிறேன், அதனால் நாலின் கதையும் கையில் இருக்கிறது. "இந்த மாடல் நல்லதா அண்ணே?" என்று யாராவது கேட்டால் எந்த வீட்டைக் காட்டிப் பதில் சொல்வது என்பதுதான் என் பிரச்சினை. அதனால் நாலையும் எழுதி வைக்கிறேன். பிராண்டு பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. எல்சிடி பேனல் செய்கிற கம்பெனிகள் பிஓஇ, சிஎஸ்ஓடி, எச்கேசி, ஏயூஓ, இன்னோலக்ஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், வெளியே ஒட்டுகிற பெயர்தான் பத்து இருபது.

செட்டைப் பற்றிச் சுருக்கமாக: 4கே எல்சிடி, திரைக்கு நேர் பின்னால் எல்இடி வரிசைகள் இருக்கும் டைரக்ட் லிட் வகை, வெளிச்சத்தைப் பகுதி பகுதியாகக் குறைக்கும் வசதி கிடையாது. திரை மட்டும் 144 சென்டிமீட்டர் அகலம், 81 சென்டிமீட்டர் உயரம். ஆன்டெனா சொருகினாலே மைடிவி என்கிற இலவச டிஜிட்டல் சேனல்கள் வரும், அதைப் பிடிக்கும் டிவிபி-டி2 டியூனர் உள்ளேயே இருக்கிறது. ஒரு வருட வாரண்டி. சக்திச் சிக்கன ஸ்டிக்கரும் சிரிம் என்கிற மலேசியத் தரச் சான்று ஸ்டிக்கரும் ஒழுங்காக ஒட்டியிருந்தன, கள்ளச் சரக்கு இல்லை.

பதினோராம் மாடி

இந்த வீட்டு அக்காவின் மாமனார் படுத்த படுக்கை. காலையில் பக்திப் பாடலில் ஆரம்பித்து இரவுச் செய்தி முடியும் வரை டிவி ஓடும், நடுவில் அவர் தூங்கினாலும் அணைக்க முடியாது, அணைத்தால் முழித்துக்கொள்வார். நாள் ஒன்றுக்கு 14 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு 5,000 மணி நேரத்துக்கு மேல் போகிறது. சாதாரணமாக வேலைக்குப் போய் வந்து இரவில் பார்க்கிற குடும்பம் மூன்று நாலு வருடத்தில் ஓட்டுவதை இவர்கள் ஒரே வருடத்தில் ஓட்டிவிட்டார்கள்.

ஓட்டம் மட்டும் இருந்திருந்தால் தாங்கியிருக்கும். கூடவே இரண்டு விஷயம் சேர்ந்துகொண்டது. டிவியைக் கொண்டுவந்து மாட்டிய பையன் முதல் தடவை ஆன் செய்யும்போது வீட்டில் பயன்படுத்தப் போகிறீர்களா, கடையில் காட்சிக்கு வைக்கப் போகிறீர்களா என்று திரையில் கேட்கும் கேள்விக்குக் கடை என்று அமுக்கிவிட்டுப் போய்விட்டான். கடை மோடு என்றால் என்ன? பிரகாசமான விளக்குகளுக்கு நடுவே பக்கத்து செட்டை அமுக்கிக்கொண்டு தெரிவதற்காக பேக்லைட் நூற்றுக்கு நூறு, கலர் கண்ணைப் பறிக்கும், நீங்கள் குறைத்து வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே பழைய நிலைக்குப் போய்விடும். அக்காவின் மகள் பல தடவை வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்திருக்கிறாள், மறுநாள் காலையில் மறுபடி நூறு. டிவியில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார்கள். அடுத்தது ஷோகேஸ். ஆசாரியை வைத்து டிவி அளவுக்குச் செய்த அலமாரி, மேலே இரண்டு விரல் இடைவெளி, பின்னால் பிளைவுட் அடைப்பு. உள்ளே கையை விட்டால் வெக்கை முகத்தில் அடித்தது.

முதலில் திரையில் வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் வந்தன, வெள்ளைச் சட்டை, வானம் மாதிரி காட்சிகளில் மட்டும் தெரியும். அதற்காக என்னைக் கூப்பிடவில்லை, பார்த்துப் பழகிவிட்டார்களாம். 2023 நடுவில் ஒரு நாள் இரவு சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் போய்விட்டது, சத்தம் மட்டும் வருகிறது.

சத்தம் இருக்கு, படம் இல்லை என்று யாராவது சொன்னால் முதல் வேலை, அறை விளக்கை அணைத்துவிட்டு கைப்பேசி டார்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பார்ப்பது. உள்ளே மங்கலாக ஆட்கள் நடமாடுவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்னால் உள்ள விளக்குதான் போய்விட்டது என்று அர்த்தம். அக்கா வீட்டில் அப்படித்தான் தெரிந்தது. ஆன் செய்த ஒரு வினாடிக்கு வெளிச்சம் வந்து அணைந்தது, அது பவர் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்துவது.

அக்கா அதற்கு முன்பே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டிருந்தார். வந்த டெக்னீஷன் டார்ச் எல்லாம் அடிக்கவில்லை, பேனல் முழுசாக மாற்ற வேண்டும், கிட்டத்தட்ட 1,400 வெள்ளி (ரிங்கிட்) ஆகும், அதற்குப் புதுசே வாங்கிவிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பேக்லைட்டும் பேனலும் ஒரே அசெம்பிளியாகத்தான் அவர்கள் கம்பெனி பார்ட்ஸ் லிஸ்டில் இருக்கிறது, அதைத் தனித்தனியாகப் பிரிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. டெக்னீஷன் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிரிக்க முடியும்.

பிரிப்பது லேசான வேலை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், யூடியூப் பார்த்து யாரும் இறங்கிவிடக் கூடாது. ஹாலில் மெத்தையைப் போட்டு மேலே துவைத்த போர்வையை விரித்தோம். பின்பக்க மூடி, போர்டுகள், ஓரச் சட்டங்கள் கழன்ற பிறகு மிஞ்சுவது கண்ணாடி, அதாவது ஓப்பன் செல். 65 அங்குலத்துக்கு அது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே கனம். அதன் விளிம்பில் சிஓஎஃப் என்கிற மெல்லிய ரிப்பன்கள் வரிசையாக ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சிப். ஒரு ரிப்பனில் லேசாகக் கீறல் விழுந்தாலும் திரையில் மேலிருந்து கீழாகக் கோடு, அதற்கப்புறம் செட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சக்ஷன் கப் நாலு ஒட்டி, நானும் அக்காவின் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பேசாமல் தூக்கிச் சுவரோரம் வைத்தோம். மாமனார் படுக்கையில் இருந்தபடி, "அப்பளம் மாதிரி இருக்கேப்பா" என்றார்.

கண்ணாடிக்குக் கீழே வெளிச்சத்தைப் பரப்பும் தாள்கள், அதற்கும் கீழே துளை போட்ட வெள்ளைத் தாள், ஒவ்வொரு துளையிலும் ஒரு எல்இடி, அதன் மேல் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். வெள்ளைப் புள்ளியின் ரகசியம் அங்கே கிடந்தது. நாலு லென்ஸ் பசை விட்டுக் கழன்று அடிச் சட்டத்தில் உருண்டு கிடந்தன. லென்ஸ் இருந்தால்தான் வெளிச்சம் பக்கவாட்டில் பரவும், அது விழுந்துவிட்டால் அந்த எல்இடி நேராகத் திரையைக் குத்தும். பசை விட்டதற்குக் காரணம் சூடு. எல்இடிகள் வரிசையாகப் பதித்த பட்டைகளை, அதாவது ஸ்ட்ரிப்புகளை, எல்இடி டெஸ்டரில் பார்த்தபோது மேல் வரிசையில் ஒன்று சுத்தமாகச் செத்திருந்தது, அதைச் சுற்றி ஸ்ட்ரிப் பழுப்பாக மாறியிருந்தது. ஷோகேஸில் மேலே போய்த் தேங்குகிற சூடு எங்கே இருந்ததோ சரியாக அங்கேதான். எல்இடிகள் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுக்க அணையும், எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் அதைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும். அட்டையில் 30,000 மணி, 50,000 மணி என்று போடுவதெல்லாம் சொன்ன கரண்டில், சொன்ன சூட்டில் ஓடினால்தான். முழுக் கரண்டும் அடைத்த அலமாரியும் அந்தக் கணக்கில் வராது.

பூடு ஜாலான் பாசாரில் ஸ்ட்ரிப் செட் கிடைத்தது. அங்கே வாங்கும்போது மாடல் நம்பர் மட்டும் சொன்னால் போதாது, பழைய ஸ்ட்ரிப்பில் அச்சடித்த எண்ணையும் காட்ட வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்று 3 வோல்ட் எல்இடி, இன்னொன்று 6 வோல்ட், மாற்றிப் போட்டால் எரியவே எரியாது, இல்லையென்றால் இரண்டே வாரத்தில் போய்விடும். செத்த ஸ்ட்ரிப் ஒன்றை மட்டும் மாற்றலாமே என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன், புது ஸ்ட்ரிப் வெள்ளையாகவும் பழையது மஞ்சளாகவும் தெரியும், தவிர மற்றவையும் அதே சூட்டில் வெந்தவைதான். எல்லாவற்றையும் மாற்றி, பவர் போர்டில் பேக்லைட் கரண்டையும் குறைத்து வைத்தேன். இனிமேல் ரிமோட்டில் நூறு வைத்தாலும் எல்இடிக்குப் பழைய நூறு போகாது. கடை மோடை வீட்டு மோடுக்கு மாற்றினேன். ஷோகேஸ் பிளைவுட்டை வீட்டுக்காரர் அறுத்து எடுத்துவிட்டார். மீட்டர் பிளக்கில் வைத்துப் பார்த்தால் முன்பு 140 வாட் இழுத்த செட் இப்போது 80க்குப் பக்கத்தில் இழுக்கிறது. 14 மணி நேரம் ஓடும் வீட்டில் அது மாதத்துக்கு 25 யூனிட் மிச்சம்.

மொத்தச் செலவு சர்வீஸ் சென்டர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. அதையும் ஏன் நாம் கொடுக்க வேண்டும் என்று அக்காவுக்குக் கோபம், அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மேல் மாடி

மேல் மாடி அங்கிள் வீட்டு டிவிக்கு நடந்ததை எழுத அதிகம் இல்லை, ஆனால் கோலாலம்பூர்க்காரர்கள் எல்லாரும் படிக்க வேண்டியது இதுதான். ஏப்ரல் மாத மத்தியான மழை. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டில் பாதி நாள் எங்காவது இடி கேட்கிறது, ஏப்ரல் மேயிலும் அக்டோபர் நவம்பரிலும் கேட்கவே வேண்டாம். அங்கிள் விவரமானவர், கரண்ட் திடீரென்று எகிறினால் தடுக்கும் நல்ல சர்ஜ் புரொடக்டர் வாங்கிப் போட்டிருந்தார், இடி கேட்டவுடன் டிவி பிளக்கையும் பிடுங்கிவிட்டார். இருந்தும் ஒரு பெரிய இடிக்குப் பிறகு டிஷ் சேனல்களுக்கான ஆஸ்ட்ரோ டிகோடர் செத்தது, டிவியில் எச்டிஎம்ஐ ஒன்று வேலை செய்யவில்லை, ஒரு வாரத்தில் டிவி லோகோவிலேயே நின்று நின்று மறுபடி ஆன் ஆக ஆரம்பித்தது.

பிளக்கைப் பிடுங்கினாரே, அப்புறம் எப்படி? ஜன்னல் கிரில்லில் மாட்டிய டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளை அவர் கழற்றவில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்த இடியின் வேகம் அந்தக் கேபிள் வழியாக டிகோடருக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வயரில் ஏறி டிவியின் மெயின் போர்டுக்குள் போய்விட்டது. கரண்ட் பக்கம் போட்ட புரொடக்டருக்கு இந்தக் குறுக்கு வழி தெரியவே தெரியாது. டிஷ், ஆன்டெனா, இன்டர்நெட் பெட்டியிலிருந்து வரும் வயர், இந்த மூன்றும் டிவிக்குள் வரும் வாசல்கள். ஒன்றை மட்டும் பூட்டி என்ன பயன்? அங்கிளுக்கு நான் சொன்ன சுலப வழி, எச்டிஎம்ஐ வயரை டிவி பக்கத்தில் கையெட்டும் இடத்தில் வைத்து, இடி வந்தால் பிளக்கோடு சேர்த்து அதையும் உருவிவிடுவது. பின்பக்கச் சுவரோடு சுவராக மாட்டி, போர்ட்டுக்குக் கையே போகாத மாதிரி வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய முடியாது, மாட்டும்போதே நாலு விரல் இடம் விட்டு மாட்டுங்கள்.

மெயின் போர்டு புதுசு கிடைக்கவில்லை. திரை உடைந்த அதே மாடல் செட்டிலிருந்து கழற்றிய போர்டைப் போட்டேன், எங்கள் தொழிலில் பாதிப் பார்ட்ஸ் இப்படித்தான் வருகிறது, பிள்ளைகள் ரிமோட்டைத் தூக்கி எறிகிற வீடுகள் எங்களுக்குக் குலதெய்வம். போர்டு மாற்றும்போது பேனல் வகை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் படம் தலைகீழாகவோ நெகட்டிவ் மாதிரியோ வரும். இவருக்கு ஒத்துப்போனது. வாரண்டியில் இடி மின்னல் சேராது என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது, அங்கிள் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் காசு கொடுத்தார்.

எட்டாம் மாடி

பழுது இல்லாத வீடு இது. ஆனால் என்னை அதிகம் கூப்பிட்டது இந்த அண்ணன்தான். "பழைய 29 அங்குலப் பெட்டி டிவியிலே படம் கத்தி மாதிரி இருந்துச்சு தம்பி, இதுலே மூஞ்சியெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கு. என்னத்த 4கே?"

அவர் சொல்வது பொய் இல்லை. அவர் சோபா டிவியிலிருந்து எட்டு அடி, அதாவது 2.4 மீட்டர். நல்ல பார்வை உள்ள கண் அந்தத் தூரத்தில் 0.7 மில்லிமீட்டர் வரைக்கும் பிரித்துப் பார்க்கும். இந்த 65 அங்குலத்தில் 4கே புள்ளி ஒன்று 0.37 மில்லிமீட்டர், அங்கிருந்து தெரியவே தெரியாது. ஃபுல் எச்டி படம் போட்டால் ஒரு புள்ளி 0.75, அதுவும் கிட்டத்தட்ட கண்ணின் எல்லையில் இருக்கிறது, ஆகவே நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அண்ணன் பார்ப்பது என்ன? டிகோடரில் வரும் எச்டி இல்லாத பழைய தரச் சேனல், 576 வரி. 81 சென்டிமீட்டர் உயரத்தை 576 ஆல் வகுத்தால் ஒரு வரி 1.4 மில்லிமீட்டர். அவருடைய பழைய பெட்டியில் தெரியும் திரை 40 சென்டிமீட்டர் சொச்சம் உயரம், அதே 576 வரி, ஒரு வரி 0.7 தான். அதே சோபா, அதே சிக்னல், வரி மட்டும் இரண்டு மடங்கு தடிப்பு. அந்தத் தடிப்பை மறைக்கத்தான் டிவி ஊகித்து நிரப்புகிறது, ஊகிப்பதில் முகத்தின் சுருக்கமும் தாடி மயிரும் காணாமல் போய் மெழுகாகிறது. இவர் அதற்கு மேல் ஷார்ப்னஸ் எண்பதில் வைத்திருந்தார், எழுத்துகளைச் சுற்றி வெள்ளை ஓரம் கட்டியிருந்தது. அதைப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவுடன் பாதிக் குறை போய்விட்டது.

இன்னொரு பாதி, படம் "சீரியல் மாதிரி" இருக்கிறது என்பது. சினிமா வினாடிக்கு 24 பிரேமில் எடுத்தது. இந்த டிவி இரண்டு பிரேமுக்கு நடுவில் தானே ஒன்றைச் செய்து சொருகி ஓட்டத்தை வழவழப்பாக்கும். கால்பந்துக்கு அது பரவாயில்லை, எம்ஜிஆர் படத்துக்கு அது போட்டால் வாத்தியார் ஸ்டூடியோ பேட்டி கொடுக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. ஒவ்வொரு பிராண்டும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதால் மெனுவில் தேடுவது தொல்லை, படம் என்ற தலைப்பின் கீழ் மோஷன் என்று எது வந்தாலும் அணைத்துவிடுங்கள். 2019க்குப் பிறகு வந்த சில செட்டுகளில் ஃபிலிம்மேக்கர் மோடு என்றே ஒன்று இருக்கிறது, அதை அமுக்கினால் இந்த வழவழப்பு எல்லாம் தானாகப் போய்விடும். இந்த மாடலில் அது இல்லை.

சத்தம் பற்றியும் அண்ணனுக்குக் குறை உண்டு, இதில் நான் முழுக்க அவர் பக்கம். இந்தக் கனத்தில் ஸ்பீக்கரை எங்கே வைப்பான்? கீழே பார்த்து ஊதுகிற மாதிரி வைத்திருக்கிறான். பாட்டு கேட்கிறது, வசனம் கேட்பதில்லை. வசனத்துக்காக ஏற்றினால் பாட்டு வரும்போது கீழ் வீட்டிலிருந்து கட்டையால் தட்டுகிறார்கள். சாதாரண சவுண்ட்பார் ஒன்று ஏஆர்சி என்று எழுதிய, டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட்டில் சொருகினால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டிக் குறைக்கலாம். அவர் ஏஆர்சி இல்லாத போர்ட்டில் சொருகிவிட்டு சவுண்ட்பார் கெட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய், கடைக்காரரோடு சண்டை போட்டு, கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

இன்டர்நெட் படம் நின்று நின்று வருகிறது என்பது கடைசிக் குறை. 4கே படத்துக்கு வினாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வேண்டும். அவருடைய இணைப்பு அதைவிடப் பல மடங்கு, ஆனால் மோடம் உள்ளறையில், நடுவில் இரண்டு செங்கல் சுவர், டிவியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த அலைவரிசையில் பிளாட் முழுக்கப் போட்டி. மோடமை ஹாலுக்கு நகர்த்தி 5 கிகாஹெர்ட்ஸில் மாற்றிவிட்டதும் சரியானது.

அவர் தொடர்ந்து பார்க்கும், அரசாங்க ஒளிபரப்பான ஆர்டிஎம்மின் தமிழ்ச் செய்தி விஷயத்தில் ஒன்று செய்து காட்டினேன். என் பையில் இருந்த யுஎச்எஃப் ஆன்டெனாவை ஜன்னல் பக்கம் வைத்து நேராக டிவியில் சொருகி டிவி2 பிடித்தேன். இந்த ஊர் பக்கம் சிக்னல் கூனோங் உலு காலி மலையிலிருந்து வருகிறது, ஜன்னல் அந்தத் திசைக்கு இருந்ததால் உடனே பிடித்தது. 2019 அக்டோபரில் அனலாக் முழுக்க நின்ற பிறகு காற்றில் வருவதெல்லாம் டிஜிட்டல்தான், மாதக் கட்டணம் கிடையாது, மழை வந்தால் டிஷ் மாதிரிப் போய்விடவும் போய்விடாது. செய்தி வாசிப்பவரின் புடவைக் கரை தெரிந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இது வேற டிவியா?" என்றார்.

மூன்றாம் மாடி

ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தம்பதி. தாழ்வான அலமாரி மேல் காலோடு நிற்கும் டிவி, மேலே பின்னே எல்லாம் காற்று. சினிமா மோடு, வெளிச்சம் பாதிக்கும் கீழே. மாலையில் மூன்று நாலு மணி நேரம் பார்ப்பார்கள். இடி வந்தால் சார் எழுந்து போய் எல்லாவற்றையும் உருவுவார், டீச்சர் திட்டுவார், அவர் உருவுவார். பின்மூடியை நான் திறந்ததே ஒரு தடவை, அதுவும் உள்ளே பல்லி ஒன்று போய் மாட்டிக்கொண்டதற்காக. நல்லவேளை அது பவர் போர்டில் குறுக்கே விழுவதற்கு முன் பிடித்துவிட்டோம். காற்றுத் துளைகளுக்குக் கொசுவலை ஒட்டிவிடட்டுமா என்று சார் கேட்டார், காற்று அடைபடும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்காவின் கோபம்

பதினோராம் மாடி அக்கா கேட்ட கேள்வி நியாயமானது. 2,500 வெள்ளிக்குப் பக்கத்தில் கொடுத்து வாங்கிய டிவி இரண்டு வருடம்கூட ஓடவில்லை. வாரண்டி முடிந்தால் எல்லாம் முடிந்ததா? இல்லை. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது, நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் சேர்த்தி. கம்பெனி எழுதிக் கொடுத்த ஒரு வருட வாரண்டி இதை ரத்து செய்யாது. கடைக்காரர்கள் இதை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

திரிபுனல் என்று எல்லாரும் சொல்லும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட 5 வெள்ளிதான் கட்டணம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம், முன்பு 25,000 ஆக இருந்தது. பிரச்சினை எழுந்த மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பொதுவாக வக்கீல் வர முடியாது, கம்பெனி பக்கமும் அப்படியே, அதனால் மலாயில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் தைரியமாகப் போகலாம். அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரு பக்க ரிப்போர்ட்: எந்த எல்இடி செத்தது, எத்தனை லென்ஸ் விழுந்தது, போட்டோக்களோடு. கடை மோடில் விட்டுப் போனது மாட்டிய ஆள் என்பதையும் எழுதினேன். ஷோகேஸையும் எழுதினேன், மறைத்தால் அங்கே கேட்பார்கள், கேட்டு மாட்டிக்கொள்வதைவிட நாமே சொல்வது நல்லது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, "நீ யார் பக்கம்?" என்று கேட்டார்.

ரசீது வேண்டுமே என்றபோதுதான் சிக்கல். சூட்டில் எழுத்து பதியும் தாளில் கடை கொடுத்த ரசீதில் எழுத்து எல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தது. கீழே சார் வீட்டில் அதே நாள் ரசீதை ஜெராக்ஸ் எடுத்து பைலில் வைத்திருந்தார், அது ஒரே நாளில் ஒரே மாடல் என்று காட்ட உதவியது, அக்காவின் கார்டு ஸ்டேட்மென்ட் மிச்சத்தைக் காட்டியது. மனு போட்டு, விசாரணை நாள் வருவதற்கு முன்பே கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசிப் பேசி, ரிப்பேர் செலவில் பெரும் பகுதியைத் தருகிறோம், மனுவைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். முழுசாகக் கேள் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஷோகேஸ் போட்டோவை நினைத்துப் பார்த்துவிட்டு அக்கா ஒப்புக்கொண்டார். பணம் வங்கியில் விழுந்த பிறகே மனுவைத் திரும்பப் பெற்றார், அந்த வரிசை முக்கியம்.

இப்போதைய நிலவரம்: அக்காவின் செட் புது ஸ்ட்ரிப்போடு அதே 14 மணி நேரம் ஓடுகிறது, இதுவரை லென்ஸ் எதுவும் விழவில்லை. அங்கிள் வீட்டில் எச்டிஎம்ஐ வயரில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குக்கூட இடி வந்தால் அதை உருவத் தெரியும். எட்டாம் மாடி அண்ணன் இந்தத் தீபாவளிக்கு 75 அங்குலம் பார்த்து வைத்திருக்கிறாராம். அந்த எச்டி இல்லாத சேனலையே பார்ப்பதானால் 75இல் வரி 1.6 மில்லிமீட்டராகும் அண்ணே, முதலில் ஆன்டெனா ஒன்று வாங்கி ஜன்னலில் மாட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆன்டெனா இன்னும் வாங்கவில்லை. 75க்கு முன்பணம் கட்டிவிட்டார் என்று அண்ணி சொன்னார்.